தானே அடுக்கிய பை

சிட்டுவின் பையை அவளுடைய ஒன்பது வயதிலிருந்து அம்மாதான் அடுக்கி வந்தாள். அம்மாவுக்குப் பார்சல் கிடங்கில் கட்டும் பிரிவில் பதினாறு வருட வேலை. கண்ணாடிக் குவளையைக் கொடுத்தாலும் கடல் தாண்டி உடையாமல் போய்ச் சேரும்படி கட்டத் தெரிந்த கை. மகளின் பையிலும் அதே ஒழுங்குதான். கனமானதெல்லாம் முதுகுப் பக்கம், நசுங்கக்கூடியது நடுவில், அவசரத்துக்கு வேண்டியது கை விட்டதும் அகப்படும் வெளி ஜிப்பில். அந்த ஜிப்பில் ஒரு குழாய் நிறைய குளுக்கோஸ் மாத்திரையும், சின்னப் பழச்சாறு டப்பா இரண்டும், ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் எப்போதும் இருக்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. ஒன்பது வயதில் சிட்டுவின் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திக்கொண்டது. அன்று முதல் சாப்பிட வேண்டுமென்றால் ஊசி போட்டாக வேண்டும். ஊசி போட்டுவிட்டால் சாப்பிட்டாக வேண்டும். கணக்குத் தப்பி சர்க்கரை ஏறினால் மெல்ல மெல்ல வதைக்கும். இறங்கினாலோ நிமிஷக் கணக்கில் ஆளைச் சாய்த்துவிடும்.

இப்போது அவளுக்குப் பதினெட்டு. கல்லூரியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. முந்தின நாள் புள்ளியியல் வகுப்பில் கால்குலேட்டரை எடுக்கப் பையில் கைவிட்டபோது பழச்சாறு டப்பா ஒன்று உருண்டு கீழே விழுந்தது. அதன்மேல் கறுப்பு மையில் கொட்டை எழுத்தில் அம்மா எழுதியிருந்தாள்: "நடுங்கினால் உடனே குடிக்கவும்."

பக்கத்து இருக்கைக்காரி அதை எடுத்துச் சத்தமாகப் படித்தாள். "யாரு நடுங்கறது? சராசரி சாரைப் பார்த்தாலா?" என்று யாரோ கேட்க, வரிசையே சிரித்தது. சிட்டுவும் சிரித்து வைத்தாள். ஆனால் வீடு வந்து சேரும் வரை காது மடல் எரிந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு, அம்மா இரவே அடுக்கி வைத்திருந்த பையை அவள் கட்டில்மேல் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"என்னடி பண்றே?" அம்மா வாசலில் நின்றாள்.

"என் பையை நானே அடுக்கிக்கிறேன்."

"நேத்தே எல்லாம் வச்சாச்சே."

"அதான் எடுத்துட்டேன்."

நோட்டு, மடிக்கணினி, கால்குலேட்டர், அளவுகோல், ஆய்வகக் கோட்டு, குடை. ஒவ்வொன்றாக அவள் வைப்பதை அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். கணினியை வெளிப்பக்கம் வைத்தபோது அம்மாவின் கை தன்னையறியாமல் முன்னே வந்து, பின்வாங்கியது.

"டப்பாவை விட்டுட்டே."

"வேணாம். கனம்."

"உள்ளங்கை அளவு டப்பா உனக்குக் கனமா?"

"மாத்திரை வச்சுக்கறேன்ல, போதும்மா."

"எங்க வச்சிருக்கே?"

"வச்சிருக்கேன்னா வச்சிருக்கேன்! ஒவ்வொண்ணா எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்க, நான் என்ன உன் கிடங்குச் சரக்கா?"

சொன்ன பிறகுதான் வார்த்தை தடித்துவிட்டது தெரிந்தது. அம்மா சமையலறைக்குள் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது; வெகுநேரம் அது மூடப்படவே இல்லை.

மாத்திரைக் குழாயைச் சிட்டு மறக்கவில்லை. மறக்கக்கூடியவளும் இல்லை. பைக்குள் போட்டால் மறுபடி எவள் கண்ணிலாவது படும் என்று, போட்டுக்கொள்ளப்போகும் ஜாக்கெட்டின் உள்பையில் செருகினாள். பையைவிட அதுவே கைக்கு நெருக்கம் என்று ஒரு திருப்தியும் பட்டுக்கொண்டாள். பிறகு நாலு ரொட்டியும் ஒரு குவளைப் பாலும் என்று கணக்குப் போட்டு வயிற்றில் ஊசியைக் குத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

சண்டை போட்ட வாய்க்குள் சாப்பாடு எங்கே இறங்கும்? ஒரு ரொட்டி போயிற்று. இரண்டாவதைப் பிய்த்தாள், பிசைந்தாள், தட்டிலேயே வைத்தாள். மணி எட்டு. எட்டே முக்காலுக்குச் சராசரி சாரின் முதல் தேர்வு. போகிற வழியில் ஏதாவது வாங்கிக்கொள்ளலாம் என்று எழுந்தாள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. இந்த வெயிலில் ஜாக்கெட் எதற்கு என்று நாற்காலி முதுகில் மாட்டிவிட்டுப் பையைத் தூக்கினாள்.

வாசல் வரை அம்மாவின் குரல் வந்தது. "சுகாதார அறையில பேரு பதிஞ்சிருக்கேல்ல?"

"எத்தனை தடவை கேப்பே? முதல் வாரமே பதிஞ்சாச்சு!"

பதியவில்லை. அந்த அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. கல்லூரியில் ஒருவருக்கும் இவள் விஷயம் தெரியக்கூடாது என்று சேர்ந்த அன்றே முடிவு கட்டியிருந்தாள்.

பேருந்து கண்முன்னே கிளம்பிப் போனது. அடுத்ததில் ஏறி, இறங்கியதும் ஓட்டமும் நடையுமாகக் கல்லூரிக்குள் நுழைந்தாள். பையில் கைப்பேசி ஒரு தடவை முனகியது. எடுத்துப் பார்க்க நேரமில்லை. வழியில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டது காற்றோடு போயிற்று. தேர்வு ஆறாவது மாடியில். லிப்ட் கதவு மூடப்போன நேரத்தில் பக்கவாட்டில் நுழைந்துகொண்டாள்.

உள்ளே மூன்று பேர். புத்தகம் ஏற்றிய தள்ளுவண்டியோடு நூலக ஊழியர், ஐம்பது வயதுப் பெண்மணி. மாணவர்களுக்கு அவர் 'புத்தக அக்கா'. காதில் ஹெட்போனோடு மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி. உயரத்தால் 'நெட்டை' என்று பெயர் வாங்கியவள். மூலையில், தோல்பையை மார்போடு அணைத்தபடி சராசரி சாரே நின்றார். புள்ளியியல் பேராசிரியர். எதைக் கேட்டாலும் "சராசரியாகப் பார்த்தால்" என்றுதான் ஆரம்பிப்பார்.

"நானே இங்க இருக்கேன், நீ ஏன் ஓடி வர்றே?" என்றார்.

சிட்டு சிரிக்கப் பார்த்தாள். அதற்குள் லிப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி, உறுமி, நின்றுவிட்டது. பலகையில் நாலும் இல்லை, ஐந்தும் இல்லை. ஒரு சின்னக் கோடு மட்டும் எரிந்தது.

சார் மணிப் பொத்தானை அழுத்தினார். சுவரிலிருந்த ஓட்டைவழியே காவலாளியின் குரல் கரகரத்தது. "பயப்படாதீங்க. மெக்கானிக் வெளியிலேருந்து வரணும். அரை மணி ஆகும்."

"அரை மணியா!" என்றாள் நெட்டை. பேசியைத் தூக்கிப் பார்த்தாள். சிக்னல் துளியும் இல்லை.

அப்போதுதான் சிட்டுவின் பேசி மறுபடி முனகியது. அவள் கை மேற்புறத்தில் ஒட்டியிருந்த சின்ன வில்லை, சர்க்கரை அளவைப் பார்த்துப் பார்த்துப் பேசிக்குச் சொல்லும். அதற்குச் சிக்னல் தேவையில்லை. திரையில் எழுபத்தெட்டு; எழுபதுக்குக் கீழே போனால் ஆபத்து. பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி.

சரி, இரண்டு மாத்திரை போட்டால் ஆயிற்று. கை தானாக ஜாக்கெட்டின் உள்பைக்குப் போனது. ஜாக்கெட் இல்லை.

நாற்காலி முதுகும் அதில் தொங்கும் ஜாக்கெட்டும் வீட்டில் நிற்பதை அப்படியே கண்ணால் கண்டாள். நாலு ரொட்டிக்குப் போட்ட மருந்து, ஒரே ஒரு ரொட்டியைத் தின்றுவிட்டு இன்னும் இரை தேடி உடம்புக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

தரையில் குந்தி, ஏதோ நோட்டைத் தேடுபவள்போலப் பையைத் திறந்தாள். ஒவ்வொரு ஜிப்பாகத் துழாவினாள். குடை இருந்தது. சீப்பு இருந்தது. அளவுகோல் இரண்டு இருந்தன. அவளே அடுக்கிய பை, அவளுக்குத் தெரியாமல் அதில் ஒன்றும் இருக்க முடியாது. காலையில் கவிழ்த்ததில் பிஸ்கட் தூள்கூடக் கட்டிலோடு போயிற்று.

அரை மணிதானே, தாங்கிவிடலாம் என்று மனசு சொன்னது. எழுபத்தொன்று. தேர்வுக்குப் படித்த சூத்திரங்களை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது சூத்திரத்தில் பாதியில் நின்றது. அறுபத்து நாலு. பிடரியில் வேர்வை அரும்பியது. விரல் நுனியில் அந்தப் பழகிய நடுக்கம் வந்தது. அதை மறைக்கக் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

சொன்னால் என்ன? நாளைக்கே கல்லூரி பூராவும் தெரியும். பாவம் என்பார்கள். எதை எடுத்தாலும் "உனக்கு ஆகுமா?" என்பார்கள். சொல்லாவிட்டால்? அதைப் பற்றி யோசிக்க முயன்றபோது யோசனை நூல் அறுந்து அறுந்து விழுந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அறுந்து விழ ஆரம்பித்துவிட்டால் அப்புறம் சொல்ல வாய் வராது. பன்னிரண்டு வயதில் ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் விழித்த பிறகுதான் என்ன நடந்தது என்று தெரிந்தது.

ஐம்பத்தெட்டு.

"அக்கா," என்றாள். குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. "உங்ககிட்ட இனிப்பா ஏதாவது இருக்கா?"

"ஏம்மா, பசிக்குதா?"

"இல்லக்கா. எனக்கு டயாபடீஸ். சின்ன வயசிலேருந்து. சர்க்கரை ரொம்ப இறங்கிட்டு இருக்கு. இனிப்பு ஏதாவது உள்ள போகலைன்னா நான் விழுந்துடுவேன்."

நெட்டை காதிலிருந்ததைப் பிடுங்கினாள். புத்தக அக்கா ஒரு கணம் சிட்டுவின் முகத்தைப் பார்த்தார். பிறகு மளமளவென்று காரியத்தில் இறங்கினார். மணியை அழுத்தி, "பிள்ளைக்கு உடம்பு சரியில்ல. டாக்டர் வரணும், மெக்கானிக்கும் சீக்கிரம் வரணும்!" என்று காவலாளியிடம் கத்தினார். தள்ளுவண்டியின் கீழ்த்தட்டிலிருந்த தன் கைப்பையை அப்படியே தரையில் கொட்டினார். தைலம், ஊக்கு, தேதி முத்திரைக் கட்டை, ஒரு புட்டி தண்ணீர். இனிப்பு இல்லை.

நெட்டை தன் பையைக் கவிழ்த்தாள். சார்ஜர் கம்பி, நோட்டு, சாக்ஸ், கடைசியில் ஒரு குளிர்பானக் குப்பி உருண்டது.

"கிடைச்சுது!" என்று மூடியைத் திருகினாள்.

சிட்டு அதை வாங்கி ஒட்டுத்தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். எழுத்துகள் நீந்தின. சர்க்கரை பூஜ்யம்.

"இது... உதவாது. இதுல சர்க்கரையே இல்ல."

"நான் உடம்பு இளைக்கணும்னு..." என்று நெட்டை சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் சாரைப் பார்த்தார்கள். அவர் தோல்பையை இன்னும் இறுக்கினார்.

"இதுல வினாத்தாள் இருக்கு. மாணவிகள் முன்னால திறக்கக்கூடாது."

"சார், பிள்ளை வேர்த்து ஊத்துறா, கண்ணுக்குத் தெரியல?"

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா. தவிர, என்கிட்ட இனிப்பெல்லாம்..." அவர் முடிக்கவில்லை. நெற்றியைத் துடைத்தார். "எனக்கும் சர்க்கரைதான். எட்டு வருஷமா. டாக்டர் இனிப்பைக் கண்ணாலகூடப் பார்க்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"பார்க்கறீங்களா, இல்லையா?" என்றார் புத்தக அக்கா. "அதை மட்டும் சொல்லுங்க."

ஐம்பத்தொன்று.

சார் திரும்பி நின்று பையைத் திறந்தார். காகிதங்களுக்கு அடியிலிருந்து பழைய கண்ணாடிக் கூடு ஒன்றை எடுத்தார். அதற்குள் கண்ணாடி இல்லை. ஆரஞ்சு மிட்டாய் ஏழு இருந்தன.

"என் வீட்டுக்காரிக்குத் தெரியாது," என்றார், தரையைப் பார்த்தபடி.

இந்த இடத்திலிருந்து நடந்ததெல்லாம் சிட்டுவுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருந்தது. மிட்டாயைத் தன் வாயருகே கொண்டுவந்த கையை அவள் தட்டிவிட்டாள். அது அம்மாவின் கை என்று தோன்றியது. எப்போது பார்த்தாலும் திணிக்கிற கை.

"எனக்கு ஒண்ணுமில்ல. தேர்வுக்கு நேரமாச்சு. கதவைத் திறங்க."

"அவளுக்குப் புத்தி தடுமாறுது," என்றார் சார். அவர் குரலில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. "இறங்கினா அப்படித்தான் ஆகும். எனக்கும் ஒருதரம் ஆகியிருக்கு. வேணாம்னுதான் சொல்லுவா, விடாதீங்க."

"கெட்டி மிட்டாயை இப்ப வாய்ல போட்டா தொண்டையில சிக்கும்," என்றார் புத்தக அக்கா. மிட்டாய்களை ஒரு தாளில் மடித்து, முத்திரைக் கட்டையால் நங்கு நங்கென்று தட்டினார். லிப்ட் முழுக்க அந்தச் சத்தம். தூளைப் புட்டியில் கொட்டி, நாலு வாய் தண்ணீர் மட்டும் விட்டு, நெட்டையிடம் கொடுத்தார். அவள் கை வலிக்கக் குலுக்கினாள். சிட்டு சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டார்.

"ஒரு வாய் முழுங்கு. அப்புறம் தேர்வுக்குப் போகலாம்."

"நிஜமா?"

"நிஜமா. இதோ, கேள்வி கேக்கறவரே இங்கதான் இருக்காரு. நீ இல்லாம ஆரம்பிச்சிடுவாரா?"

அந்த நியாயம் சிட்டுவுக்குச் சரியாகப் பட்டது. ஒரு வாய் விழுங்கினாள். மோவாயில் வழிந்ததை அக்கா விரலால் தள்ளி உள்ளே விட்டார். இன்னொரு வாய். இன்னொன்று. நெட்டை பேசியைக் கையில் வைத்துக்கொண்டு எண்களைச் சத்தமாகச் சொன்னாள்.

"நாற்பத்தெட்டு."

அக்கா புட்டியை மறுபடி சாய்த்தார்.

"நாற்பத்தாறு. ஏன் இன்னும் இறங்குது? குடிச்சாச்சே!"

"ரத்தத்துல ஏறணும், அப்புறம் அந்த வில்லைக்குத் தெரியணும்," என்றார் சார். "சராசரியா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "எனக்குத் தெரியலம்மா. பொறுத்துப் பார்ப்போம்."

சிட்டுவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அக்கா அவள் கன்னத்தைத் தட்டி, ஏதாவது பேசு, பேசு என்றார். என்ன பேச என்று தெரியாமல் அவள் தன் பையில் இருப்பதை வரிசையாகச் சொன்னாள். குடை. சீப்பு. குடை. அளவுகோல். குடை. நெட்டை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நாற்பத்தாறு. அதே தான். நாற்பத்தேழு... ஐம்பது. சார், ஐம்பது! ஐம்பத்தாறு!"

மீதியிருந்த தண்ணீரையும் குடித்தபோது சிட்டுவுக்கு முதலில் தெரிந்தது ஆரஞ்சு வாசனை. அடுத்து, தன் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருப்பது. அதற்கும் அடுத்துத்தான் யாருடைய தோளில் சாய்ந்திருக்கிறோம் என்று புரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள்.

"அப்படியே இரு," என்றார் அக்கா. "தோள் ஒண்ணும் தேஞ்சு போயிடாது."

அறுபத்தெட்டு வந்தபோது தலைக்கு மேலே ஏதோ இரும்பு உரசியது. லிப்ட் அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கி நாலாவது மாடியில் நின்றது. கதவைக் கம்பியால் நெம்பித் திறந்தார்கள். வெளியே கூட்டம். மெக்கானிக்குக்கும் காவலாளிக்கும் நடுவில், மருத்துவப் பெட்டியோடு சுகாதார அறைச் செவிலி. அவருக்குப் பக்கத்தில், கிடங்குச் சீருடையில், கையில் அந்த ஜாக்கெட்டோடு அம்மா.

மகளின் சர்க்கரை அளவு அம்மாவின் பேசிக்கும் வரும். எண்பத்து நாலும் கீழ்நோக்கிய அம்பும் காட்டியதோடு, லிப்டில் சிக்னல் போனதும், அது நின்றுவிட்டது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா திரும்பியபோது நாற்காலியில் ஜாக்கெட் தொங்கியது. தொட்டுப் பார்த்தாள், உள்பையில் குழாய் உருண்டது. மகளை அழைத்தாள், அழைப்பு போகவில்லை. கல்லூரிச் சுகாதார அறையை அழைத்தாள். "அந்தப் பேர்ல யாரும் பதியலையேம்மா" என்றார் செவிலி. அப்புறம் எப்படி வந்து சேர்ந்தோம் என்று அம்மாவுக்கே தெரியாது.

அம்மா மகளைக் கட்டிக்கொள்ளவில்லை. புத்தக அக்காவைப் பார்த்துத்தான் முதலில் பேசினாள். "எவ்வளவு கொடுத்தீங்க?"

"ஏழு மிட்டாய். பொடி பண்ணி, தண்ணியில கரைச்சு."

"எப்ப?"

"கால் மணி இருக்கும்."

"சரியாக் கொடுத்திருக்கீங்க," என்றாள் அம்மா. அதைச் சொல்லி முடித்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெட்டைதான் ஓடிப்போய் அவளைத் தாங்கிப் பிடித்தாள்.

சுகாதார அறையில் செவிலி ரொட்டியும் பாலும் கொடுத்து, சிட்டு கடைசித் துண்டை விழுங்கும்வரை எதிரிலேயே நின்றார். பிறகு பதிவுப் படிவம் எடுத்துவர உள்ளே போனார். அம்மாவும் மகளும் தனியாக உட்கார்ந்திருந்தார்கள்.

"பதிஞ்சாச்சுன்னு சொன்னியே," என்றாள் அம்மா.

"பொய்தாம்மா."

"ஏன்?"

சிட்டு ரொட்டித் தூளை விரலால் ஒதுக்கினாள். "பதிஞ்சா எல்லாரும் உன்னை மாதிரியே என்னைப் பார்ப்பாங்கன்னு பயம்."

அம்மா ஜாக்கெட்டை மடியில் மடித்து வைத்தாள். கோபப்படுவாள் என்று சிட்டு எதிர்பார்த்தாள். அழுவாள் என்றுகூட எதிர்பார்த்தாள்.

"அப்படித்தான் பார்க்கறேன்," என்றாள் அம்மா கடைசியில். "ஒன்பது வருஷமா வேற மாதிரி பார்க்க முடியல. என்ன பண்ணச் சொல்றே?"

"எனக்கும் தெரியலம்மா." கொஞ்சம் பொறுத்து, "காலையில சொன்னது தப்பு," என்றாள்.

"தப்புதான்," என்றாள் அம்மா. ஆனால் மகளின் நனைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

வாசலில் இருமல் கேட்டது. சராசரி சார். தேர்வு நாளைக்குத் தள்ளிப்போய்விட்டது என்று சொன்னார். போகத் திரும்பியவர் நின்று, "அந்தக் கண்ணாடிக் கூட்டு விஷயம் மட்டும் வெளிய போக வேண்டாம்," என்றார்.

"எத்தனை நாளைக்கு சார் ஒளிப்பீங்க?" என்று சிட்டு கேட்டாள்.

அவர் "உனக்கென்ன, சொல்லிட்டே," என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

செவிலி படிவத்தோடு வந்து உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். "எத்தனை வயசுல ஆரம்பிச்சுது?"

அம்மா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"ஒன்பது," என்றாள் சிட்டு. என்ன ஊசி, எத்தனை வேளை, இறங்கினால் எப்படித் தெரியும், அப்போது வேண்டாம் என்று சண்டை போடுவேன், கேட்காதீர்கள் என்பது வரை எல்லாவற்றையும் சொன்னாள். செவிலி எழுதிக்கொண்டே வந்தார். பாதியில் அம்மாவின் பேசி அடித்தது, கிடங்கு மேற்பார்வையாளர். அம்மா எழுந்து வராந்தாவுக்குப் போனாள். "ஆமா சார், தாமதம்தான். பொண்ணுக்கு உடம்பு முடியல. இப்ப பரவாயில்ல... இல்ல, நான் கூட இருக்க வேண்டியதில்ல. அவளே பேசிட்டு இருக்கா. அரை மணியில வந்துடுவேன்," என்பது உள்ளே கேட்டது.

"கல்லூரியில யாருக்காவது தெரிஞ்சிருக்கணும்," என்றார் செவிலி. "ரெண்டு பேர் சொல்லு. யார் பேரை எழுதட்டும்?"

சிட்டு யோசித்தாள். கதவுக்கு வெளியே, போகாமல், தன் நீளக் கால்களை வராந்தாவில் நீட்டி உட்கார்ந்திருந்த நெட்டையின் செருப்பு தெரிந்தது.

"வெளிய உக்காந்திருக்காங்களே, அவங்க பேரை எழுதிக்குங்க," என்றாள். "இன்னொருத்தரை அடுத்த வகுப்புல கேட்டுட்டு வந்து சொல்றேன்."